ரெண்டு நூல் அளவு

ஜனவரி 9

அன்புள்ள கத்திரிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். என் முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று குடியிருக்கிறது. அந்தப் பெரிய ஊரில் தனியாக இருக்கிறாயே, உன் உடம்பு எப்படி? கழுத்து வலி விட்டதா?

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் இரண்டாம் நிமிடம் நமக்குள் சண்டை வரும். பக்கத்து அறையில் உன் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நம் தெருக்கோடியில் பிள்ளைகள் காப்பகம் கட்டப் போகிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் சேர்ந்து நடத்துவது. சுட்ட செங்கல் எதற்கு, கல் அடிக்கிற நம் களத்து மண்கல்லே போதும் என்று கமிட்டியிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நம் மண்ணில் களி அதிகம், காய்ந்தால் வெடிக்கும். மண், மணல், கொஞ்சம் சிமெண்ட், அதோடு பிளாஸ்டிக் கவரைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சேர்த்து மெஷினில் அழுத்தினால் வெடிப்பு நிற்குமாம். ஓடையை அடைத்துக்கொண்டு கிடக்கிற கவருக்கும் ஒரு வழி பிறக்கும். உன் அண்ணன் முப்பது வருட மேஸ்திரி அல்லவா, "மண்ணையும் குப்பையையும் கலந்து வீடு கட்டப் போறா மகாராணி" என்று களத்து ஆட்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். என் மானம் இப்போது இந்தக் கல்லில்தான் இருக்கிறது.

இங்கே கிடைக்கிற கவரெல்லாம் எண்ணெயும் எச்சிலுமாக வருகிறது. கழுவி மாளவில்லை. உன் தையல் கடையில் சட்டைக் கவர், பட்டன் கவர், லைனிங் சுற்றி வருகிற கவர் எல்லாம் சுத்தமாகக் கிடக்குமே. ரெண்டு நூல் அளவுக்கு வெட்டி, சாக்கில் கட்டி, பார்சலில் போடு.

இன்னொன்று. "உனக்கெல்லாம் கடை நிக்காது" என்று உன் அண்ணன் சொன்னதற்கு, "கடை நின்னு காட்டட்டும், அப்பதான் இந்த வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வருடமாகிறது. கடைதான் நன்றாக நடக்கிறதே, ஒரு நடை வந்து போனால் என்ன? அவர் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

உன் அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கழுத்து வலி போயிருந்தது, உங்கள் சாக்கை வெட்டி முடித்ததும் திரும்பி வந்துவிட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், களத்தில் குந்தி உட்காராதீர்கள். மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. பள்ளிச் சீருடை ஒரு பக்கம், ஜாக்கெட்டை நேற்றே கேட்கிற ஆட்கள் ஒரு பக்கம். நடுவில் உங்கள் வேலை. சாக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட அளவு மனுஷி வெட்டுகிற அளவா அண்ணி? பட்டுத் துணியைக்கூட யாரும் இப்படி வெட்டச் சொன்னதில்லை. கவரைப் பத்துப் பத்தாக அடுக்கி, வழுக்காமல் இருக்க ஓரத்தை மெஷினில் ஒரு தையல் போட்டு, பெரிய கத்திரியால் வெட்டினேன். நீளம் சொல்லவில்லை, ஆள்காட்டி விரல் நீளம் வைத்துக்கொண்டேன். ரெண்டு நூல் அளவு சரிதானா என்று ரெண்டு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கட்டினேன். என் வேலையில் குற்றம் சொல்ல முடியாது.

வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். கடையை விட்டு அரைநாள் நகர முடியவில்லை. பார்க்கலாம்.

கத்திரி


பிப்ரவரி 6

அன்புள்ள கத்திரிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் படித்ததும் உனக்குக் கோபம் வரும், அதற்குத் தெம்பு வேண்டும்.

சாக்கைப் பிரித்தோம். களத்தில் எல்லோரும் வட்டமாக நின்றோம். "கவர் கேட்டா சவுரி அனுப்பியிருக்காங்க" என்றாள் மண் சலிக்கிற பெண். அடி மக்கே, மேஸ்திரி கணக்கில் நூல் என்றால் தைக்கிற நூலா? அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல். ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம். மேஸ்திரி வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இதுகூடவா மறந்துபோயிற்று?

உன் அண்ணன் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்து இரண்டு வருடமாகிறது. "அவளுக்கு நூல்னா நூல்தான், வேற என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்.

கோபிக்காமல் இன்னொரு சாக்கு வெட்டி அனுப்பு. சதுரம் சதுரமாக, கால் அங்குலம். கமிட்டி என்ஜினீயரம்மா மே மாத நடுவில் கல்லைச் சோதிக்க வருகிறாள். தேறாவிட்டால் சுட்ட செங்கல்தானாம். பிறகு நம் களத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

ஆமாம், யாரந்த "மற்றவர்கள்"? இந்த வீட்டில் நானும் அவரும் மட்டும்தான் இருக்கிறோம்.

உன் அண்ணி


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நீங்களும் சிரித்துச் சிரித்துச் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

அண்ணன் வாயில் நூல் என்று வந்தால் அது அங்குலக் கணக்கு என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் எப்படித் தெரியும்? கல்யாணமாகி வந்த புதிதில் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்தானே நீங்கள். என்னை மக்கு என்பதற்கு முன் அதை நினைத்துப் பாருங்கள்.

சதுரம் அனுப்பியிருக்கிறேன். நூலாக வெட்டியதற்கு இது குழந்தை வேலை. சாக்கு பாதிதான் நிறைந்தது, இந்த மாதம் கவர் குறைவு. பக்கத்தில் பெரிய ரெடிமேட் கடை திறந்திருக்கிறார்கள், ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். போகட்டும், அளவெடுத்துத் தைத்ததுபோல் வருமா?

இனிமேல் கடைக்கு எழுதாமல் என் அறை முகவரிக்கே எழுதுங்கள். கடைக் கூட்டத்தில் கடிதம் தொலைந்துபோகிறது.

கத்திரி


ஏப்ரல் 2

அன்புள்ள கத்திரிக்கு,

உடம்பு நலம், மனசுதான் போன வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. இப்போது எழுந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் சதுரத்தைப் போட்டுக் கல் அடித்தோம். ஈரச்சாக்கு போர்த்தி மூன்று வாரம் பதமாக வைத்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் போட்டு மறுநாள் எடுத்தால் பாதி கல் கையில் வருகிறது, மீதி தொட்டியில் கிடக்கிறது. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள், என் கல் யாரும் கரைக்காமலே கரைந்தது. கரையாமல் நின்றதை இடுப்பு உயரத்திலிருந்து போட்டோம். ஒவ்வொரு சதுரமும் இருந்த இடத்தில் அழகாகப் பிளந்தது. பிளாஸ்டிக்கின் வழவழப்பான முகத்தில் மண் ஒட்டவில்லை. நான் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அப்போது உன் அண்ணன் சுவரோரம் போய் ஓர் அடுக்கைக் காட்டினார். உன் சவுரியைப் போட்டு அவரே தனியாக அடித்த கல். எனக்குத் தெரியாது. ஏன் செய்தீர்கள் என்று கேட்டால், "சாக்கு தேவைப்பட்டுது, உள்ள இருந்ததைக் காலி பண்ணினேன்" என்கிறார். களத்தில் காலிச் சாக்கு கூரை வரைக்கும் கிடக்கிறது.

அதைத் தொட்டியில் போட்டோம். மறுநாளும் முழுசாகக் கிடந்தது. கீழே போட்டோம், முனை மட்டும் உதிர்ந்தது. கடப்பாரையால் உடைத்துப் பார்த்தால் மண் விட்டுப் போனாலும் நூல் விடவில்லை, இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. நூல் உருண்டு சிக்காகிவிடாமல், சிக்கெடுத்து, காய்ந்த மண்ணில் கை கையாக உப்புத் தூவுவதுபோல் தூவியிருக்கிறார். எவ்வளவு பொறுமை பார். என் துணி காய்கிற கொடியில் ஒரு கிளிப் மாட்டத் தெரியாத மனுஷன்.

ஆக, மானத்தை விட்டுக் கேட்கிறேன். நீ செய்த தப்பையே மறுபடியும் செய். நிறையச் செய்.

உன் அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வெட்ட உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சிரித்துச் சிரித்து விலாதான் வலிக்கிறது. மக்கு என்றீர்களே, இனி அந்த மக்கின் அளவுதான் உங்கள் களத்துக்குச் சட்டம்.

இரண்டு சாக்கு அனுப்பியிருக்கிறேன், அமுக்கி அமுக்கிக் கட்டியது. எல்லாம் கடைக் கவர்தான். கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இருந்தாலும் உங்கள் மானம் போகக் கூடாதே.

அழுதேன் என்று எழுதியிருந்தீர்கள். இனிமேல் அழுவதானால் எனக்கு எழுதிவிட்டு அழுங்கள், தனியாக அழாதீர்கள். அது நல்லதில்லை.

சிக்கெடுத்தவருக்கு நூலை முதலில் வெயிலில் போட்டு உதறச் சொல்லுங்கள். பாதி சிக்கு தானே விடும்.

கத்திரி


ஏப்ரல் 19

அன்புள்ள கத்திரிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு உடனே பதில் போடு, அதை மட்டும் மழுப்பாமல் எழுது.

சாக்கு வந்தது. உதறச் சொன்னதைச் சொன்னேன். "அவளுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்" என்று முணுமுணுத்துவிட்டு, வெயிலில் போட்டு உதறினார். இப்போதெல்லாம் உன் சாக்கை வேறு யாரும் தொடக் கூடாது. அவரே பிரிக்கிறார், அவரே தரம் பார்க்கிறார்.

காலிச் சாக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சும்மா அனுப்பினால் லேசாக இருக்கிறது என்று பார்சல்காரர்கள் எங்கேயாவது போட்டுவிடுவார்கள். அதனால் கனத்துக்குக் கொஞ்சம் அரிசியும் பருப்பும் உள்ளே போட்டிருக்கிறோம். வேறு ஒன்றும் நினைக்காதே.

உன்னைப்போல் வெட்ட இங்கே நாலு பெண்களைப் பழக்கிப் பார்த்தேன். ஒருத்தி நாடா வெட்டுகிறாள், ஒருத்தி விரலை வெட்டிக்கொண்டாள். நீ வந்து சொல்லிக்கொடுத்தால் தேவலை. கடையை ஒரு வாரம் யாரிடமாவது விட்டுவிட்டு வர முடியாதா? உன் அண்ணனும் இரண்டு நாளாக, "கடைக்காரிக்கு லீவே கிடையாதா" என்று என்னிடம் நூல் விட்டுப் பார்க்கிறார்.

உன் அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

நான் மிகவும் நலம். மழுப்பவில்லை.

கனத்துக்கு அரிசியா? கல்லா கிடைக்கவில்லை உங்கள் களத்தில்? அரிசியைப் பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குச் சமைக்க நேரம் எங்கே இருக்கிறது, கடையில் ஊசியைக் கீழே வைக்க முடியவில்லை.

வர முடியாது அண்ணி. கேட்காதீர்கள். சொல்லிவிட்டுப் போன சொல் ஒன்று இருக்கிறது. ஒரு வார லீவில் வந்து நிற்பதற்கா அவ்வளவு வீறாப்பாகப் படியிறங்கினேன்? இன்னும் கொஞ்சம் கடை ஊன்றட்டும்.

அந்தப் பெண்களிடம் கத்திரியை நகர்த்தச் சொல்லாதீர்கள். கவரை நகர்த்தச் சொல்லுங்கள், கத்திரி ஒரே இடத்தில் நிற்கட்டும். விரலை வெட்டிக்கொண்டவளுக்குக் கை ஆறியதா?

ஒரு சாக்கு வருகிறது.

கத்திரி


ஜூன் 3

அன்புள்ள கத்திரிக்கு,

முதலில் நல்ல சேதி. கல் தேறிவிட்டது. என்ஜினீயரம்மா தொட்டியில் ஊறப்போட்டாள், மேலிருந்து போட்டாள், ஏதோ மெஷினில் வைத்து நசுக்கினாள், கடைசியில் கல்லுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்து இழு இழு என்று இழுத்தாள். வரவில்லை. காப்பகத்துக்கு நம் கல்தான். அதற்கு முன் ஒரு சின்ன அறை கட்டி மழைக்கு எப்படி நிற்கிறதென்று பார்க்கச் சொன்னாள். களத்து வாசலில் கட்டினோம், போன வாரம் இரண்டு பெருமழை பெய்தது, சுவரில் ஒரு கீறல் இல்லை.

இனி சொல்லப் போவதைக் கிழித்துப் போடாமல் படி.

ஏப்ரல் மாதம் நீ அனுப்பிய இரண்டு சாக்கையும் உன் அண்ணன் பிரித்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து உன் நூலை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார். உன் கடைக் கவரில் ஒருநாளும் எழுத்து இருந்ததில்லை. இதில் ஏதோ ஒரு சட்டைக் கம்பெனியின் பெயர் வந்தது. இன்னொரு பக்கம் மஞ்சள் ரொட்டிக் கவர். அந்த மஞ்சள் நூலைச் சேர்க்கச் சேர்க்கத் தேதி வந்தது. தேதி வரிசையாக வந்தது, ஒரு நாள் விடவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடை இல்லடி அவளுக்கு. எவன் கம்பெனியிலயோ கூலிக்குத் தைக்கிறா. தினமும் வெறும் ரொட்டியத் தின்னுட்டு, ராத்திரி உக்காந்து நமக்கு நூல் வெட்டறா." அரிசி போட்டது அவர்தான். கனம் என்ற பொய்யும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான், அதனால்தான் அவ்வளவு மட்டமாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். நானும் தெரியாத மாதிரி நடித்தேன். ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டிருந்தால் நீ சாக்கு அனுப்புவதை நிறுத்தியிருப்பாய். அப்புறம் உன்னைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நீ இங்கே இல்லாதது எனக்குத் தாங்கவில்லையடி, அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சின்ன அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார், வெட்டுகிறவளுக்கு நிழல் விழாத வெளிச்சம் வேண்டுமாம். நின்றுகொண்டு வெட்ட உயர மேசை, உன் கழுத்துக்கு. மழைக்குப் பிறகு சுவரைப் பார்க்க மறுபடி வந்த என்ஜினீயரம்மா, இது என்ன அறை என்று கேட்டாள். "கடை" என்றார். யார் கடை என்று கேட்டாள். "என் தங்கச்சியோடது. நூல் கடை. நிக்குது பாருங்க" என்றார்.

காப்பகத்துக்கு நூல் வேண்டும். அதற்கு அடுத்து இரண்டு பேர் கல் கேட்டிருக்கிறார்கள். வேலை மலையாகக் கிடக்கிறது. இது இரக்கப்பட்டுக் கூப்பிடுவதில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் அண்ணி


ஜூலை 1

அன்புள்ள கத்திரிக்கு,

நலமா? நலமா என்பதற்காவது பதில் எழுது.

ஒரு மாதமாகக் கடிதமும் இல்லை, சாக்கும் இல்லை. நான் எழுதியது தப்பென்றால் திட்டி எழுது, திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான். உன் அண்ணன் தினமும் சாயங்காலம் பார்சல் ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். நடந்தால் உடம்புக்கு நல்லதாம். திரும்பி வந்ததும் அந்த அறையைப் பெருக்குகிறார். அதில் பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

உன் அண்ணி


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நலமா என்று நேராகக் கேட்கிறேன். இத்தனை நாள் "மற்றவர்கள்" என்று கேட்டதெல்லாம் உங்களைத்தான், அது அண்ணிக்குத் தெரியும். அவர்களை முதலில் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபம் ஒன்றும் இல்லை. வேலையை விடுகிறேன் என்றேன், கம்பெனியில் கணக்கு முடிக்க ஒரு மாதம் இழுத்தடித்தார்கள், அது முடியாமல் என்ன எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

கடை பிப்ரவரியிலேயே போய்விட்டது. அண்ணி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. தங்கையின் குப்பையைக் கிளறிப் பார்க்கிற அண்ணன் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? மூன்றாம் நாள், நீங்கள் தரையில் உட்கார்ந்து நூலை ஒட்டவைத்துக்கொண்டிருந்ததை நினைத்தேன். பிறகு ஆத்திரப்பட முடியவில்லை.

கம்பெனியில் எனக்குக் காலர் மட்டும்தான். நாளெல்லாம் காலர். சட்டையின் மீதியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. உங்களுக்கு நூல் வெட்டிய நேரம்தான் எனக்கு வேலை செய்த மாதிரி இருந்தது. என் கடை என்று சொன்னீர்களாமே. அப்படியானால் சில விஷயங்கள் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கடையில் எப்படி வெட்ட வேண்டும் என்று மேஸ்திரி வந்து சொல்லக் கூடாது. அந்த நாலு பெண்களையும் நான் பழக்கிக்கொள்கிறேன், கைக்காயக்காரி உட்பட. என் தையல் மெஷினும் உடன் வருகிறது. இறக்கி வைக்க ஆள் வேண்டும்.

நீங்கள் ஒன்றைத் தப்பாகப் படித்துவிட்டீர்கள் அண்ணா. காசில்லாமல் ரொட்டி தின்னவில்லை. கம்பெனியில் கூலி ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். அடுப்பும் பாத்திரமும் அறையில் இருந்தன. உங்கள் அரிசியையும் பக்கத்து அறைக்குக் கொடுக்கவில்லை, பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒருத்திக்காக உலை வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவேன். அண்ணியிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை